சீரில் வந்த கம்ப்யூட்டர்

ரத்தினசாமி அண்ணனும் நானும் சகலைகள். என் மனைவியின் அக்காள் சாந்தாமணியைக் கட்டியவர். மூத்தவர் என்பதால் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். திருப்பூரை ஒட்டிய அருள்புரம் பக்கம் அவரை 'ஃபேப்ரிக்' ரத்தினசாமி என்றால்தான் தெரியும். டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற கைமடியாகப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவர், என்றைக்கோ ஒருநாள் துணி வண்டியில் ஏறினார், அப்புறம் இறங்கவே இல்லை.

அவர் வேலை என்னவென்று கேட்டால் அலைச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். நூலை ஏற்றிக்கொண்டு போய் நிட்டிங்கில் போட வேண்டும். அங்கே துணியானதும் டையிங்குக்கு. சாயம் ஏறியதும் இன்னொரு இடத்துக்கு. ஒவ்வொன்றும் ஊரின் ஒவ்வொரு மூலையில், ஒவ்வொரு முதலாளியிடம். துணியில் கோடு விழுந்தால் டையிங்காரர் நிட்டிங்கைக் கை காட்டுவார், நிட்டிங்காரர் நூலைக் கை காட்டுவார், நூல்காரர் போனையே எடுக்க மாட்டார். இத்தனை பேருக்கும் நடுவில் நின்று யாரையும் பகைத்துக்கொள்ளாமல் துணியைக் கட்டிங் மேசைக்குக் கொண்டு வருவதுதான் அண்ணனின் திறமை. அதற்கு அவரிடம் ஒரே ஒரு வசனம் உண்டு. "ஒரு வாஷ் உட்டா சரியாப் போயிருமுங்க." மண்டபத்தில் சாம்பாரில் உப்பு கூடிப்போனாலும் அதையேதான் சொல்வார்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் அவர் மகள் தேவிப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சிவபிரகாஷுக்கு ஊர் குன்னத்தூர், வேலை திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீசில். தையில் முகூர்த்தம்.

தேவிப்பிரியா அப்போது டேனியல் என்பவரின் எம்பிராய்டரி கம்பெனியில் பஞ்சிங் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டிலிருந்து வருகிற படத்தைக் கம்ப்யூட்டரில் வைத்து, ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே ஏற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகச் சொல்லிவைப்பதுதான் பஞ்சிங். அவள் சொல்லிவைத்ததைப் பிளாப்பியில் போட்டு மெஷினில் நுழைத்தால், வாத்தும் முயலும் தானாகத் துணியில் வந்து உட்காரும். இதை எனக்கு அவள் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாள். நானும் எத்தனையோ முறை தலையாட்டியிருக்கிறேன். வாத்து எப்படித் தட்டை அட்டைக்குள் போகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நிச்சயத்தன்றே மாப்பிள்ளையின் அம்மா மருதாள் ஒரு பேச்சை வைத்துவிட்டார். "காலைல பஸ் ஏறி இருட்டுக் கட்டுன பொறவு வர்ற வேலையெல்லாம் எங்கூட்டுக்கு ஒத்து வராதுங்க. ஊட்டுக்குள்ள உக்காந்து எதைப் பண்ணுனாலும் பண்ணட்டும், நான் ஒண்ணும் கேக்க மாட்டனுங்க."

டேனியலிடம் கேட்டதற்கு அவர் நல்ல மனுஷன், ஒத்துக்கொண்டார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் போதும், டிசைனை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்புவார். ஆனால் அது சீசன் நேரம். கல்யாணம் முடிந்த கையோடு முதல் டிசைன் வந்தாக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

"எனக்குப் பீரோ வேண்டாமுங்கப்பா, கட்டில் வேண்டாமுங்க" என்றாள் தேவிப்பிரியா. "ஒரு கம்ப்யூட்டரு மட்டும் குடுத்து உடுங்க. அது இல்லீன்னா தாலி ஏறுன அன்னிக்கே என்ற வேலை முடிஞ்சு போயிருமுங்க."

அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு மங்கலம் ரோட்டில் ஒரு கடைக்குப் போனார். கம்பெனி செட்டின் விலையைக் கேட்டதும் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். கடைக்காரர் பரிதாபப்பட்டு, "அசெம்பிள் பண்ணிக்கலாமுங்க. சாமானம் சாமானமா வாங்கி நாமளே சேத்திக்கறது. நெறைய மிச்சமாகும்" என்றார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பச்சை நிறத்தில் ஒரு தட்டு. அதுதான் மதர்போர்டு. பிராசஸர் என்று ஒரு சில்லு. ராம் என்று சீப்பு போல ஒன்று. ஹார்ட் டிஸ்க், கேபினெட், மானிட்டர். ராமில் இருநூற்றைம்பத்தாறா, ஐந்நூற்றுப் பன்னிரண்டா என்று கேட்டார். எது நல்லது என்றேன். என்ன வேலைக்கு என்று கேட்டார். வாத்துப் போட என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இதுல எதுங்க கம்ப்யூட்டரு?" என்று நான் பொறுமையிழந்து கேட்டுவிட்டேன்.

"எல்லாம் சேந்தாத்தானுங்க கம்ப்யூட்டரு. தனியா எதுவும் இல்லீங்க."

எனக்குத் தலை கிறுகிறுத்தது. அண்ணன் முகத்தில் மட்டும் வெளிச்சம் வந்துவிட்டது. இது பனியன் மாதிரியேதானே! ஒருத்தர் நூல், ஒருத்தர் சாயம், ஒருத்தர் தையல். முழுப் பனியனை யார் செய்கிறார்கள்? கடைக்காரர் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். போர்டும் பிராசஸரும் ஜோடி. ஒன்றுக்கொன்று பொருந்துகிறதாகப் பார்த்து வாங்க வேண்டும். "பாடித் துணிக்கும் கழுத்துப் பட்டி ரிப்புக்கும் சாய ஷேடு சேர்ற மாதிரி" என்று அண்ணன் உடனே பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் புரியவில்லை, அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அன்றைக்கு நம்பினேன்.

திரும்பி வருகிற வழியிலேயே அவர் பிரித்துவிட்டார். எப்படியும் சொந்தத்தில் ஆளுக்கொரு சீர் வைக்கத்தான் போகிறார்கள். பீரோவும் கட்டிலும் வைக்கிறவர்கள் அதற்குப் பதிலாக ஆளுக்கொரு சாமான் வைக்கட்டும். பெண்ணின் பெரியப்பா, அண்ணனின் உடன்பிறந்த மூத்தவர், ஈரோட்டில் இருக்கும் ஞானசம்பந்தம், போர்டும் ராமும். தாய்மாமன் குமாரவேல், தாராபுரத்தில் எண்ணெய்க் கடை வைத்திருப்பவர், பிராசஸர். மானிட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் மற்ற சில்லறையும் பெண்ணைப் பெற்றவரான அண்ணன். எனக்கு விழுந்தது கேபினெட். அதாவது டப்பா. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மனசுக்குள் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

இங்கேதான் சங்கதி. கம்பெனியில் அண்ணன் ஒரு கிலோ துணியைக்கூடச் சாம்பிள் துண்டு கத்தரித்துக் கொடுக்காமல் சாயத்துக்கு விடமாட்டார். ஆனால் இது சீர். சீர் வைக்கிறவரிடம் இன்ன கடையில், இன்ன நம்பரில், இன்ன விலைக்கு வாங்குங்கள் என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. அப்படிச் சொன்னால் அது கேட்டு வாங்குவதாகிவிடும், ஏழு தலைமுறைக்குப் பேச்சாக நிலைக்கும். அதனால் அண்ணன் இரண்டு பேரிடமும் போனில் சொன்னது இவ்வளவுதான்: "நல்லதாப் பாத்து எடுங்க."

இரண்டு பேரும் நல்லதாகத்தான் எடுத்தார்கள். அதுதான் வினை.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாமான்களோடு அருள்புரத்துக்கு வந்தார்கள். சாந்தாமணி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். மானிட்டரின் தலையில் நன்றாக அழுத்தமாக ஒரு பொட்டு. கேபினெட்டுக்கு நாலு மூலையிலும். மாமன் பிராசஸர் பெட்டியைத் திறந்து காட்டியபோது கூடத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிரீம் பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான்.

"இத்துனூண்டு இருக்குதேன்னு நெனைக்காதீங்க" என்றார் குமாரவேல். அவருக்கே அந்தக் குறை இருந்தது தெரிந்தது. "கம்ப்யூட்டருக்கு மூளையே இதுதானுங்களாமா. கோயமுத்தூருல நாலு கடை ஏறி எறங்கி, இருக்கறதுலயே வேகமானதா எடுத்தனுங்க. தாய்மாமன் சீருன்னா சும்மாவா?"

"மூளை இருந்து என்ன பண்றது, தாங்கறதுக்குத் தாய் வேணுமல்லோ" என்றார் ஞானசம்பந்தம். "அதுதானுங்க மதர்போர்டு."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எங்கள் ஊரில் சிரித்துக்கொண்டே, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுச் சொல்கிற பேச்சுக்குத்தான் பயப்பட வேண்டும்.

சேர்க்கிற வேலையைத் தேவிப்பிரியாவே பார்த்தாள். கம்பெனியில் சிஸ்டம் கெட்டால் திறந்து பார்ப்பதைக் கூட இருந்து பழகியிருக்கிறாள். போர்டில் சில்லு உட்காருகிற இடத்தின் மூடியைத் தூக்கினாள். அப்புறம் சில்லைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி போர்டைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"அப்பா, சித்தே வாங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். மாமன் வாங்கிய சில்லின் அடியில் பொடிப்பொடியாக ஊசிகள். பெரியப்பா வாங்கிய போர்டிலும் அதே மாதிரி பொடிப்பொடியாக ஊசிகள். ஒன்றில் ஊசி இருந்தால் மற்றதில் துளை இருக்க வேண்டாமா? ஊசிக்கு ஊசி எதிராக நின்றால் என்ன செய்வது? வேறு வேறு கம்பெனிச் சரக்கு, இது அதில் சேராது என்றாள் தேவிப்பிரியா.

"அமுத்துனா உக்காந்துக்கும் கண்ணு" என்று மாமன் கையை நீட்டினார்.

அண்ணன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி வளைந்தால் துணி முழுக்கக் கோடு விழும் என்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். "வேண்டாம் மாப்ள. ஊசி வளைஞ்சா அப்பறம் எதுக்குமே ஆகாது."

அதன் பிறகு நடந்தது அசல் திருப்பூர்ப் பஞ்சாயத்து. மாமன், போர்டுதான் தப்பு என்றார். பெரியப்பா, தன் போர்டு புத்தம் புது மாடல், சில்லுதான் ஒட்டாதது என்றார். இரண்டு பேரும் சேர்ந்து என் டப்பாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். டப்பா என்ன பாவம் பண்ணியது என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. என் மனைவி கண்ணைக் காட்டியதால் அடங்கினேன்.

"என்னுது வேண்டாமுன்னா எடுத்துட்டுப் போயிர்றனுங்க, ஒண்ணும் வருத்தமில்லீங்க" என்றார் குமாரவேல், ரொம்ப மரியாதையாக. "சீரே சேராத எடத்துல தாய்மாமனுக்கு மண்டபத்துல என்ன வேலைங்க?"

"ஐயோ, நீங்க எதுக்குங்க? நான் எடுத்துக்கறனுங்க" என்றார் ஞானசம்பந்தம், அதைவிட மரியாதையாக.

தேவிப்பிரியா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இது ஓடலீன்னா நான் அங்க போயி என்னுங்கப்பா பண்ணட்டும்?" என்று மெல்லக் கேட்டாள். அந்தக் கேள்வி அண்ணன் காதில் மட்டும்தான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

அண்ணன் நடுவில் வந்து நின்றார். சாயத்துக்கும் நிட்டிங்குக்கும் நடுவில் நிற்கிற அதே நிற்பு. "ரெண்டுமே நல்ல சாமானுங்க. நடுவுல சின்னதா ஒரு துண்டு வெச்சுச் சேத்தறதாமா, கடையில சொன்னாங்க. நானும் சகலையும் போயி வாங்கியாந்துர்றோம். ஒரு வாஷ் உட்டா சரியாப் போயிருமுங்க."

கடையில் அப்படி யாரும் சொல்லவில்லை. நான்தான் கூட இருந்தேனே!

மறுநாள் மங்கலம் ரோட்டுக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நடுவில் வைக்கிற துண்டு உலகத்திலேயே கிடையாதாம். ஒன்று போர்டை மாற்ற வேண்டும், இல்லை சில்லை மாற்ற வேண்டும். வாங்கின கடையில் பில்லோடு கொடுத்தால் மாற்றிக் கொடுப்பார்கள் என்றார். சீர் வைத்தவரிடம் போய்ப் பில் கேட்பதா? அதைவிட அந்தச் சீர் வேண்டாம் என்றே சொல்லிவிடலாம். யாருடைய சாமானைத் திருப்பினாலும் ஒருத்தர் மண்டபத்துக்கு வரமாட்டார். திருப்பாவிட்டால் பெண்ணின் வேலை போய்விடும். எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

அண்ணன் மேசையை ஒரு தடவு தடவினார். பிறகு, "என்ற சீரைத் திருப்பிக் குடுத்தா யாருங்க கோவிச்சுக்குவாங்க?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் வெளியே போய், துணி வண்டியின் பின்பக்கத்திலிருந்து, அதே கடையில் வாங்கிய மானிட்டரை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் புரிந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே அது வண்டியில் இருந்திருக்கிறது. துண்டு கிடைக்காது என்று அவருக்குத் தெரிந்தேதான் இருக்கிறது. கடைக்காரர் மானிட்டரைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பொட்டு வெச்சுட்டீங்களேங்க. இதை இனிப் புதுசுன்னு விக்க முடியாது. பாதி வெலதான் போடுவேன்." துடைத்துவிடலாமே என்றேன். குங்குமத்தைத் துடைக்கக் கூடாது என்று அண்ணன் தடுத்துவிட்டார். அந்தப் பாதி விலைக்கு, பெரியப்பா போர்டில் பொருந்துகிற ஒரு சாதாரண பிராசஸர் கிடைத்தது. சில்லின் அடியில் ஊசி இல்லை.

"மானிட்டர் இல்லாம எப்படிங்கண்ணா?" என்றேன்.

"மூளை இல்லீன்னா ஒண்ணுமே ஓடாது. கண்ணு பொறவு வாங்கிக்கலாம். கல்யாணம் முடியட்டும், யார்த்தயாவது பணம் பெரட்டிப் பாக்கறேன்" என்றார். அவர் பேச்சில் தெம்பில்லை.

அன்று மாலையே தேவிப்பிரியா எல்லாவற்றையும் சேர்த்தாள். பக்கத்து வீட்டு மானிட்டரை மாட்டிப் பார்த்தபோது கம்ப்யூட்டர் ஓடியது. மாமன் வாங்கிய சில்லை அதன் பெட்டியோடு ஒரு துணிப் பையில் போட்டு, கேபினெட்டுக்குள் காலியாக இருந்த மூலையில் கட்டிவைத்தாள். நல்ல பெரிய டப்பாவாக நான் வாங்கியது அதற்காவது உதவியது. மாமன் போன் செய்து, "என்ற சாமானம் உள்ள உக்காந்துருச்சா?" என்று கேட்டபோது, "உள்ளதான் இருக்குது மாப்ள" என்று அண்ணன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் சீரை அடுக்கினோம். சீர் வைத்தவர்கள் பேரை மைக்கில் வாசித்தார்கள். தாய்மாமன் சீர், கம்ப்யூட்டர் மூளை. மாமன் மீசையைத் தடவிக்கொண்டார். பெரியப்பா சீர், மதர்போர்டு. சித்தப்பா சீர், பெட்டி. நாலு பேர் சிரித்தார்கள், போகட்டும். வாசித்தவர் அதோடு நிறுத்திவிட்டார். பெற்றவர் பக்கம் வாசிக்கக் கீபோர்டும் மவுசும் உள்ளே இருக்கிற ஏதோ சில்லறையும்தான் மிச்சம், அதை வாசித்தால் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

மருதாள் சீரைச் சுற்றி வந்து பார்த்தார். கெட்ட எண்ணத்தில் கேட்டதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கூட்டத்துக்கு நடுவில், எல்லோர் காதிலும் விழும்படியாகத்தான் கேட்டார். "ஆளுக்கொண்ணு வெச்சிருக்கறாங்க. பெத்தவரு சீரு எதுங்க சம்மந்தி?"

அண்ணன் வாயைத் திறந்தார். அவருடைய அந்த ஒரு வசனம்கூட வரவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு சிரித்த மாதிரி நின்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. எல்லாவற்றையும் மைக்கில் சொல்லிவிடலாம் என்று ஒரு எட்டு எடுத்து வைத்தேன். எதிரே மாமன் மீசையோடு நின்றிருந்தார். மணவறையிலிருந்து தேவிப்பிரியா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அப்படியே நின்றுவிட்டேன்.

அடுத்த வாரம் பெண்ணைப் பார்க்க அண்ணனும் நானும் குன்னத்தூருக்குப் போனோம். அண்ணன் மடியில் அவர் வீட்டுச் சின்ன டிவி துணியில் சுற்றி இருந்தது. அதில் ஒயர் மாட்டினால் மானிட்டராக ஓடுமா என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். என்னைப் போய்க் கேட்கிறார்! ஓடாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. டேனியல் வேறு ஆளைப் போட்டிருப்பார் என்று இரண்டு பேருக்குமே பயம். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் இல்லை.

மருதாள் வாசலுக்கு வந்து, "வாங்க சம்மந்தி, வாங்க" என்று கூப்பிட்டார். உள்ளே ஜன்னல் ஓரத்தில் ஒரு மேசை. மேசையில் என் டப்பா. அதன் பக்கத்தில் ஒரு மானிட்டர். திரையில் மஞ்சளாக ஒரு வாத்து. தேவிப்பிரியா மவுசைப் பிடித்துக்கொண்டு அதன் மூக்கில் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டேனியல் சாருக்கு எப்பக் குடுக்கோணும் கண்ணு?" என்றார் அண்ணன்.

"மொத டிசைன் முந்தாநேத்தே குடுத்துட்டனுங்கப்பா. இது அடுத்ததுங்க."

நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அதன் தலையில் காய்ந்த சந்தனமும் நடுவில் அழுத்தமாக வைத்த குங்குமமும் அப்படியே இருந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. திருப்பிக் கொடுத்த சாமான் குன்னத்தூருக்கு எப்படி வந்தது?

மருதாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "கம்ப்யூட்டருக்குக் கண்ணு இல்லாம மருமக எப்படி வேலை செய்வான்னு மங்கலம் ரோட்டுக் கடைக்குப் பையனைக் கூட்டிட்டு நானே போனனுங்க. உங்க அம்மிணிதான் அந்தக் கடையைச் சொல்லி உட்டுச்சு. பொட்டு வெச்ச பொட்டி ஒண்ணு இருக்குது, வெலை கொறைச்சுத் தர்றமுன்னு கடைக்காரரு காட்டுனாரு. சீருக்கு வாங்குனதை எதுக்குங்க திருப்பிக் குடுத்தாங்கன்னு கேட்டனுங்க. மூளை வாங்கறதுக்குக் குடுத்தாங்கன்னு சொன்னாரு. சொன்னதுமே யாரு சீருன்னு எனக்கு வெளங்கிப் போச்சுங்க." சொம்பை அண்ணன் பக்கம் நகர்த்தினார். "பொட்டை நாங்க தொடைக்கலீங்க."

அண்ணன் டிவியை இன்னும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறவர் போல இருந்தது.

"மண்டபத்துல நான் கேட்டனல்லங்க, பெத்தவரு சீரு எதுன்னு" என்றார் மருதாள். "ஊடு வந்து சேந்துருச்சுங்க சம்மந்தி."

அண்ணன் ஆமாங்க என்று தலையை மட்டும் ஆட்டினார். தண்ணீர்ச் சொம்பை எடுத்து நான்தான் குடித்தேன்.